ஒரு டம்ளர் பச்சைச் சாறு

பிப்ரவரி 4

அன்புள்ள எலிக்கு,

இங்கே நானும் உன் அத்தானும் சௌக்கியம். காருக்கு மட்டும் காலையில் கொஞ்சம் இருமல். மலையைக் குடைந்துகொண்டிருக்கும் நீ எப்படி இருக்கிறாய்? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? சின்ன வயதில் வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டித் தோண்டியே எலி என்று பெயர் வாங்கினாய். இப்போது அதற்கே சம்பளம் தருகிறார்கள். கொடுத்து வைத்தவன்.

இனிமேல் கேம்ப் ஆபீஸ் போனிலிருந்து பேசாதே. போன தடவை நீ பேசும்போது பின்னால் ஒரு ஆள், "சீக்கிரம் முடிப்பா, வரிசையில நாங்களும் நிக்கிறோம்ல" என்று கத்திக்கொண்டே இருந்தான். அதில் "நல்லா இருக்கேன்" என்பதைத் தவிர வேறு என்ன சொல்ல முடியும்? கடிதமே மேல். சாமான் லாரி உன் கேம்ப்புக்கு ஏறும்போது அதுவும் சேர்ந்து ஏறட்டும்.

புதிதாக ஒரு தையல்காரர் என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்திருக்கிறார். ஆக்ஸிலரேட்டரைத் தையல் மிஷின் பெடல் என்று நினைத்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆட்டுகிறார். கார் ரோட்டில் தையல் போட்டுக்கொண்டே போகிறது. பழைய மில்லுக்குப் பின்னால் வாய்க்காலை ஒட்டி ஒரு ரோடு உண்டே, அங்கேதான் அவரைக் கூட்டிப்போகிறேன். வண்டி வராது, ஆடுதான் வரும். நேற்று ஒரு மந்தை தண்ணீர் குடிக்க வாய்க்காலில் இறங்கியது. தையல்காரர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நல்லவேளை, சொல்லிக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு பிரேக் வைத்திருக்கிறார்கள்.

உன் உத்தரவுப்படி கீரைச் சாறு நடக்கிறது. கடைக்கீரை வாடி வதங்கி வருகிறது என்று போன வருடத்திலிருந்து அந்த வாய்க்கால் ஓரத்தில் வளரும் கீரையைத்தான் பறிக்கிறேன். பாடம் முடிந்ததும் ஒரு கைப்பிடி. மறுநாள் வெறும் வயிற்றில் பச்சையாக அரைத்து ஒரு டம்ளர். "அடுப்பில் காட்டாதே, சத்து போய்விடும்" என்று நீ எழுதிய கடிதம் இன்னும் சமையலறைச் சுவரில்தான் ஒட்டியிருக்கிறது.

அடுத்த மாதத்தோடு ஐந்து வருடம். குடலில் அந்தக் கட்டியை வெட்டி எடுத்தபோது டாக்டரம்மா சொன்னது ஞாபகம் இருக்கிறதா? புற்றுநோய் ஐந்து வருடம் திரும்பி வராவிட்டால், பிறகு அவர் முகத்தில் வருடத்துக்கு ஒருமுறை விழித்தால் போதும். நாள் நெருங்கிவிட்டது. இரண்டு வாரமாகக் கொஞ்சம் காய்ச்சல், வலது விலாவில் பிடிப்பு. தையல்காரர் போடும் பிரேக்குக்கு விலா பிடிக்காமல் என்ன செய்யும்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அத்தானுக்கு என் அன்பு. காரின் இருமலுக்கும் ஒரு டம்ளர் சாறு கொடுத்துப் பார்.

நீ நினைக்கிற மாதிரி நான் வெறும் எலி இல்லை. இங்கே வெடி வைத்து முடித்ததும் புகை அடங்கும்வரை யாரும் சுரங்கத்துக்குள் போகக் கூடாது. காற்றாடியை ஓட்டி, உள்ளே இருக்கும் காற்றை அளந்து பார்த்து, "போகலாம்" என்று சொல்வது நான்தான். அதுவரை அத்தனை பேரும் வாசலில் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நம் வீட்டில் யாராவது என் பேச்சுக்கு இப்படி மரியாதை கொடுத்ததுண்டா?

இன்னொரு சேதி. நீ மட்டும் தனியாகக் குடிப்பது நியாயமில்லை என்று நானும் இங்கே சாறு குடிக்க ஆரம்பித்துவிட்டேன். ஓடையில் கீரை பறித்துக்கொண்டு வந்து சமையல்காரரிடம் கொடுப்பேன். அவர் என்னை முறைத்துவிட்டு உள்ளே எடுத்துப்போய் அரைத்துத் தருவார். பச்சை வாடை தாங்கவில்லை என்று எத்தனை கடிதத்தில் புலம்பியிருக்கிறாய்! எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லையே. உனக்குச் சின்ன வயதிலிருந்தே நாக்கு நீளம்.

ஐந்தாம் வருடத்தை நான் அங்கே இல்லாமல் முடிக்கக் கூடாது. ஏப்ரலில் லீவு கேட்டிருக்கிறேன். டாக்டரம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுது.

எலி


மார்ச் 14

அன்புள்ள எலிக்கு,

நாங்கள் இருவரும் இருக்கிறோம். நீ நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

தையல்காரர் டெஸ்டில் தோற்றுவிட்டார். பின்பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னால், கண்ணாடியைப் பார்க்காமல் கதவைத் திறந்து தலையை நீட்டிப் பார்த்திருக்கிறார். கேட்டால், "துணிய நேரா பாத்துத்தான் வெட்டணும், கண்ணாடியில பாத்தா வெட்டுவாங்க?" என்கிறார். டெஸ்ட் எடுத்த அதிகாரி சிரிக்கக்கூட இல்லை. எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. எல்லாரும் முதல் தடவையிலேயே தேறிவிட வேண்டுமா என்ன? மறுபடி முதலிலிருந்து பின்பக்கம் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். மற்ற மாணவர்களை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் டிரைவிங் பள்ளிக்கு அனுப்பிவிட்டேன். இவரை மட்டும் விட மனசில்லை.

ஏப்ரலில் வராதே. வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், படுக்க இடம் இருக்காது. லீவைச் சேர்த்து வை. பிறகு தேவைப்படும்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். மலையையே குடைகிறாய், இன்னும் கார் ஓட்டத் தெரியாது. நான் கத்தினேன் என்று மூன்றாம் நாளே இறங்கி ஓடியவன்தானே நீ? எப்படியாவது கற்றுக்கொள். உன் அத்தானுக்குக் கண் முன்போல் இல்லை. வீட்டில் ஓட்டத் தெரிந்த ஒரு ஆள் வேண்டும்.

மருத்துவமனைக்குப் போய்வந்தேன். மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

உன் அக்கா


மார்ச் 29

அக்கா,

தையல்காரருக்கு ஒரு பக்கம். மருத்துவமனைக்கு ஒரே ஒரு வரி. இதுதான் நீ ஒரு வார்த்தை விடாமல் எழுதும் லட்சணமா?

மாணவர்களை எதற்கு வேறு பள்ளிக்கு அனுப்பினாய்? வீட்டில் ஓட்டத் தெரிந்த ஆள் நீ இல்லையா? ஆபீஸ் போனில் பேசினேன். "நல்லா இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டாய். நான் கேள்வியே கேட்கவில்லை அக்கா, நீ பாட்டுக்கு பதில் சொன்னாய்.

என்ன நடக்கிறது? இப்படி நேராகக் கேட்கிறேன், நேராகச் சொல்.

எலி


ஏப்ரல் 8

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் நலத்தை விசாரித்து உங்கள் அத்தான் எழுதுவது. இந்தக் கடிதம் உங்கள் அக்காவுக்குத் தெரியாது. நான் லிஃப்ட் பழுது பார்க்க வந்த கட்டடத்தில், அதன் மேல் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கு அவளைப் போல எழுத வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டால், உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்கு முதலில் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வேலையில் பாலபாடம். உங்களுக்குச் சொல்லாமல் ஒரு மாதமாக இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஸ்கேனில் கல்லீரலில் புள்ளிகள் தெரிகின்றன. ஒன்று இரண்டு இல்லை, நிறைய. அவளுக்குக் காய்ச்சல் விடவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, ரொம்ப இளைத்துவிட்டாள். குடலில் வந்தது திரும்பினால் பெரும்பாலும் கல்லீரலில்தான் வருமாம். ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்தார்கள். அதில் புற்றுநோய் எதுவும் இல்லை. ஆனால் ஊசி சரியான இடத்தில் படாமல் போயிருக்கலாம், இன்னொரு முறை எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டரம்மா. உங்கள் அக்கா மாட்டேன் என்கிறாள். "வந்தது வந்துடுச்சு. குத்திப் பாத்து என்ன ஆகப்போகுது? மறுபடி அந்த மருந்து ஏத்துற நாற்காலியில நான் உக்கார மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான் என்று உங்களுக்குத் தெரியும்.

ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. ரத்தத்தில் ஏதோ ஒரு வகை அணு அதிகமாக இருக்கிறது என்று சொல்லி, பச்சையாக ஏதாவது சாப்பிடுவதுண்டா என்று டாக்டரம்மா முதல் நாளே கேட்டார். இவள் பட்டென்று "இல்லையே" என்றாள். நான் வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் என் காலை அவள் கால் அழுத்தியது. அதையும் தன் பக்கத்து பிரேக் என்று நினைத்துவிட்டாள்போல. நான் நின்றுவிட்டேன். தினமும் சாறு குடிப்பதை ஏன் மறைக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

நீங்கள் சொன்னால் கேட்பாள். நான் எழுதினேன் என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

அத்தான்


ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு எல்லாம் தெரியும். அத்தான் எழுதினார். சொல்ல வேண்டாம் என்றார், ஆனால் இதற்கு மேல் ஒளித்து விளையாட எனக்குத் தெம்பில்லை. அவரைத் திட்டாதே. திட்டினால் அடுத்த கடிதம் அவருக்குத்தான் எழுதுவேன்.

கடிதத்தைப் படித்ததும் சுரங்கத்துக்குள் போய்க் காற்றாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. மாற்று ஆள் வந்தால்தான் நான் இறங்க முடியும். காற்றை அளக்க வேறு ஆள் இல்லாமல் விட்டுவிட்டு வந்தால் இங்கே உயிர் போகும். ஆள் கேட்டிருக்கிறேன். வந்த மறுநாள் கிளம்பிவிடுவேன்.

அதுவரை நீ எனக்காக இரண்டு காரியம் செய்ய வேண்டும். ஒன்று, அந்த ஊசியை இன்னொரு முறை போட்டுக்கொள். தையல்காரருக்கு இரண்டாவது டெஸ்ட் உண்டு, உனக்கு மட்டும் கிடையாதா?

இரண்டாவது, டாக்டரம்மாவிடம் சாற்றைப் பற்றிச் சொல். அதை ஏன் மறைத்தாய்? எனக்கு அதுதான் ஆத்திரமாக இருக்கிறது. இத்தனை வருடம் உன்னைக் காப்பாற்றியது அந்தச் சாறு. வேறு யார் என்ன சொன்னாலும் நான் அப்படித்தான் நம்புகிறேன். அது தெரியாமல் அவர் என்ன வைத்தியம் பார்க்கப்போகிறார்? தைரியமாகச் சொல். ஒரு டம்ளரை இரண்டு டம்ளர் ஆக்கலாமா என்றும் கேள். என் பெயரைச் சொல்லியே கேள்.

நீ இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

எலி


மே 3

அன்புள்ள எலிக்கு,

உன் அத்தான் நலமில்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகு நான் அவரோடு பேசவில்லை. மனிதர் இரண்டு நாள் உப்புப் போடாத முகத்தோடு நடமாடினார். மூன்றாம் நாள், "லிஃப்ட் நின்னா சொல்லித்தானே ஆகணும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேசிவிட்டேன்.

உனக்குத் தெரிந்துவிட்டதால் இனி எனக்கு நடிக்கிற வேலை மிச்சம். பயமாக இருக்கிறது எலி. சாவதற்கு இல்லை, அந்த மருந்துக்குத்தான். போன தடவை என் கையை நானே அடையாளம் கண்டுபிடிக்க முடியாமல் படுத்திருந்தேன். தண்ணீர் இரும்பு மாதிரி ருசித்தது. அப்போது ஐந்து வருடம் என்று ஒரு கோடு தெரிந்தது, அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். கோட்டைத் தொடும்போது ரோட்டையே எடுத்துவிட்டார்கள். மறுபடி வண்டியைக் கிளப்பு என்றால் எனக்கு எரிச்சல் வராதா?

ஆனாலும் உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தேன். காற்றாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன் என்கிறாய். அதைப் படித்த பிறகு நான் என்ன வீம்பு பிடிக்க முடியும்? சரி, ஊசி போட்டுக்கொள்கிறேன். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

சாற்றைப் பற்றியும் சொல்கிறேன். டாக்டரம்மா கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிவிட்டு ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வை உன்னால்தான். இரண்டு டம்ளரா என்றும் கேட்கிறேன், போதுமா?

நீ சாப்பிடு. அழுதுவிட்டுப் பட்டினி கிடக்கிற ஆள் நீ.

உன் அக்கா


மே 24

அக்கா,

மூன்று வாரமாக உன் கடிதம் இல்லை. இங்கே மழையில் மலை ரோடு சரிந்துவிட்டது. லாரி ஏறவில்லை. ஆபீஸ் போன் கம்பியும் அதோடு போய்விட்டது. மாற்று ஆள் அடிவாரம்வரை வந்து, இப்போது ரோட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். நடந்து இறங்குகிற ஒரு தொழிலாளியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீ எழுதவில்லையா, எழுதியது வரவில்லையா? இரண்டில் எது என்று தெரியாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. ஊசியில் என்ன வந்தது? எதுவாக இருந்தாலும் சொல். எலிக்கு இருட்டு பழக்கம்தான், இதை மட்டும் தாங்க முடியவில்லை.

சாறு குடிப்பதை விட்டுவிடாதே.

எலி


ஜூன் 1

அன்புள்ள எலிக்கு,

நான் நலம்! இந்தத் தடவை நிஜமாகவே. உனக்கு எழுதிய இரண்டு கடிதங்கள் மண்சரிவுக்கு இந்தப் பக்கமே லாரியில் தூங்குகின்றன என்று உன் கடிதத்தைக் கொண்டுவந்தவர் சொன்னார். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். உட்கார்ந்து படி.

வியாழக்கிழமை ஊசிக்குப் போனோம். படுப்பதற்கு முன்னால் உன் கேள்வியைக் கேட்டுத் தொலைத்துவிடலாம் என்று, "டாக்டரம்மா, என் தம்பி ஒண்ணு கேக்கச் சொன்னான்" என்றேன்.

"கேளுங்க."

"தினம் சாறு ஒரு டம்ளர் குடிக்கிறேன். அதை ரெண்டாக்கலாமான்னு கேக்கறான்."

"என்ன சாறு?"

"கீரைச் சாறு. பச்சையா அரைச்சு."

எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். "கீரை எங்க வாங்குறீங்க?"

"வாங்கறதில்ல. மில்லுக்குப் பின்னால வாய்க்கால்ல பறிக்கிறேன். நல்லா கழுவிடுவேன்."

"அந்த வாய்க்கால்ல ஆடு மாடு இறங்குமா?"

"ஆடு இறங்கும். தையல்காரர் கண்ணையே மூடிக்குவாரு."

"எந்தத் தையல்காரர்?" என்றார். பிறகு அதை விட்டுவிட்டு, "பச்சையா ஏதாவது சாப்பிடுறீங்களான்னு நான் முதல் நாளே கேட்டேனா இல்லையா?" என்றார்.

"கேட்டீங்க."

"இல்லைன்னு சொன்னீங்களே!"

உன் அத்தான் தன் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டு, "சொல்லியிருக்கணும் டாக்டர்" என்றார். இப்போது வீரம் வந்துவிட்டது அவருக்கு.

"திட்டுவீங்கன்னு நெனச்சேன்" என்றேன்.

"இப்பவும் திட்டத்தான் போறேன். ஊசி ஆகட்டும், அப்புறம் நிதானமா திட்டுறேன்."

விஷயம் இதுதான். ஆட்டின் ஈரலில் ஒரு தட்டைப் புழு உண்டாம், பார்க்கச் சின்ன இலை மாதிரி இருக்குமாம். அதன் முட்டை ஆட்டிலிருந்து தண்ணீருக்குப் போய், தண்ணீரில் இருக்கும் நத்தைக்குள் வளர்ந்து, வெளியே வந்து கரையோரக் கீரையில் ஒட்டிக்கொள்ளும். கழுவினால் போகாது. கொதிக்க வைத்தால் செத்துவிடும். பச்சையாகத் தின்றவர்களின் கல்லீரலுக்குள் புகுந்து, குடைந்துகொண்டே போகும். அது குடைந்த வழிதான் ஸ்கேனில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. சுரங்கம், எலி! உன் தொழில்தான் அதற்கும்.

அவர் எங்களை உடனே சந்தோஷப்பட விடவில்லை. "சந்தேகந்தான் சொல்றேன். முடிவு வரட்டும்" என்று சொல்லிவிட்டார். பத்து நாள் நானும் உன் அத்தானும் வீட்டில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சுற்றினோம். இரண்டாவது ஊசியிலும் புற்றுநோய் இல்லை. ரத்தத்தை வேறு ஊருக்கு அனுப்பிப் பார்த்ததில் புழு என்று உறுதியாக வந்தது. உன் அத்தான் "புழுதானே? நிச்சயமா புழுதானே டாக்டர்?" என்று மூன்று தடவை கேட்டார். தனக்குப் புழு இல்லையே என்று அவருக்கு வருத்தமோ என்று டாக்டரம்மா சந்தேகப்பட்டிருப்பார். வெளியே வந்து தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேரும் அழுதோம், நடுவில் சிரித்தோம். மருந்து இரண்டே வேளை மாத்திரைதான், முழுங்கியாகிவிட்டது. காய்ச்சல் நின்றுவிட்டது. நேற்று இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். புள்ளிகள் கரைகின்றனவா என்று மூன்று மாதம் கழித்து ஸ்கேன். அதில் கரைந்திருந்தால்தான் முழு நிம்மதி.

நீயும் ஓடைக் கீரை குடிப்பதாக எழுதினாயே, உடனே நிறுத்து. உடனே உனக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்.

உன் அக்கா


ஜூன் 20

அக்கா,

உன் கடிதங்கள் மூன்றும் ஒரே நாளில் வந்தன. நீ நன்றாக இருக்கிறாய் என்று படித்ததும் கேம்ப் முழுக்க ஓடிச் சொன்னேன். பிறகு அந்த நோய் ஏன் வந்தது என்று படித்தேன்.

எனக்கு ரத்தம் எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லை. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். உன் கடிதத்தைப் படித்துக் காட்டியதும் சமையல்காரர் தலையைச் சொறிந்தார். "கோவப்படாதீங்க. பச்சை எலை அரைச்சா அந்த வாடை எனக்கு ஆகாது. முதல் நாள்லேருந்து கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்துத்தான் அரைச்சேன்" என்றார். அதனால்தான் எனக்கு வாடை தெரியவில்லை. அடுப்பில் காட்டாதே என்று உனக்குச் சொன்னவன் நான். அவர் என் பேச்சைக் கேட்கவில்லை, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நீ கேட்டாய்.

நான் சொல்லாமல் இருந்திருந்தால் உனக்கு இந்த நாலு மாத நரகம் இல்லை. மாற்று ஆள் வந்துவிட்டார். ஆனால் உன் முன்னால் எந்த முகத்தோடு வந்து நிற்பது என்று தெரியவில்லை. மன்னித்துக்கொள்.

எலி


செப்டம்பர் 5

அன்புள்ள எலிக்கு,

நாங்கள் நலம். நீ நலமா என்று கேட்டு மூன்று கடிதம் போட்டாயிற்று, பதில் இல்லை. ஆபீஸில் விசாரித்தால் வேலைக்கு ஒழுங்காக வருகிறாய் என்கிறார்கள். கை நன்றாக இருக்கிறது, எழுத மட்டும் வரவில்லை போலும்.

நேற்று ஸ்கேன். டாக்டரம்மா பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாங்கள் இரண்டு பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம், உன் சுரங்க வாசலில் நிற்பவர்களைப் போல. கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "போகலாம்" என்றார். நீ சொல்லும் அதே வார்த்தை. புள்ளிகள் முக்கால்வாசி போய்விட்டன, மீதி தழும்புதான். ஐந்து வருடக் கணக்கும் முடிந்தது. இனி வருடத்துக்கு ஒருமுறை வந்து அவரிடம் திட்டு வாங்கினால் போதுமாம்.

இப்போது நான் சொல்வதைக் கேள். அந்தச் சாற்றை நான் ஒரு நாளும் நம்பிக் குடிக்கவில்லை. கீரை புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்புகிற அளவுக்கு உன் அக்கா அசடில்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால் என்னை வெட்டியபோது நீ மலைமேல் மாட்டிக்கொண்டாய், வர முடியவில்லை. அப்போது நீ எழுதிய கடிதத்தில் பாதி எழுத்து கண்ணீரில் ஊறிப் போயிருந்தது. தெளிவாகப் படிக்க முடிந்தது கடைசியில் இருந்த அந்தச் சாறு ஒன்றுதான். அத்தனை தூரத்திலிருந்து உன்னால் எனக்குச் செய்ய முடிந்தது அது மட்டும்தான். அதை நான் குடிக்காவிட்டால் நீ எனக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று ஆகிவிடும். உன்னை அப்படி விட எனக்கு மனசில்லை. அதனால் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். டாக்டரம்மாவிடம் மறைத்ததும் அதற்குத்தான். திட்டுக்கு யார் பயந்தது? அவர் நிறுத்தச் சொல்வார். நிறுத்தினால் உனக்கு எழுத வேண்டி வரும்.

அதோடு நீ கடையில் வாங்கச் சொன்னாய். வாய்க்காலில் பறித்தது நான். ஆட்டுக்குப் பக்கத்தில் நின்று பறித்தேன், எனக்கே தோன்றியிருக்க வேண்டும். அதையும் சேர்த்து நீயே தூக்கிச் சுமக்காதே. கடைசியில் டாக்டரம்மாவிடம் அதைச் சொல்ல வைத்ததும் நீதான். இரண்டு டம்ளர் வேண்டும் என்று நீ பேராசைப்படாமல் இருந்திருந்தால், நான் இந்நேரம் அந்த மருந்து நாற்காலியில் இருந்திருப்பேன், அல்லது எங்குமே இருந்திருக்க மாட்டேன்.

சுவரில் ஒட்டியிருந்த உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. அதன் கீழே உன் அத்தான் "கொதிக்க வைக்கவும்" என்று தடித்த எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்.

தையல்காரர் போன வாரம் டெஸ்டில் தேறிவிட்டார். கண்ணாடியைப் பார்த்தே பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினாராம். காலை ஏழு மணிக்கு அவர் இடம் காலியாக இருக்கிறது. யாருக்கும் கொடுக்கவில்லை. எனக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று உனக்கு இருந்தால், வந்து அந்த இடத்தில் உட்கார். கத்த மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது. கத்துவதற்கு நான் இருக்கிறேன், அது போதாதா உனக்கு?

லாரி கிளம்பும் நாளைக் கேட்டு வைத்திருக்கிறேன். அதில் உன் கடிதம் வர வேண்டாம், நீ வா.

உன் அக்கா